முதுகோடு முதுகு

முப்பது வருடம் தபால் அலுவலகத்தில் குனிந்து முத்திரை குத்திய வலி, ஓய்வு பெற்ற பிறகும் தில்லைநாயகியை விடவில்லை. தனியாக இருப்பவளுக்குத் தைலம் தேய்த்துவிடவும் ஆளில்லை. டாக்டர் சொல்லி யோகா வகுப்பில் சேர்ந்தாள். நான்காம் நாள், இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டி உட்காரவைத்தார் ஆசிரியை. "கண்ண மூடிக்கங்க. பின்னால இருக்கிறவங்க மூச்சக் கவனிங்க." பின்னால் வந்து உட்கார்ந்தவளின் முகத்தைத் தில்லைநாயகி பார்க்கவில்லை. சேலையைத் தாண்டி ஒரு சூடு மெல்லப் பரவியது. அந்த மூச்சோடு இவள் முதுகும் ஏறி இறங்கியது. ஒருவர்மேல் சாய்ந்து எத்தனை வருடமாயிற்று என்று நினைத்தபடி இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள். "போதும், எழுந்திருங்க" என்றார் ஆசிரியை. எல்லோரும் பாய்களைச் சுருட்டினார்கள். தில்லைநாயகி அசையவில்லை. நகர்ந்தால் பின்னால் இருப்பவள் விழுந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். அப்போது பின்னாலிருந்து தழுதழுத்த குரல் கேட்டது: "எந்திரிச்சிராதீங்கக்கா. செத்த இருங்க."