குகைக்கோயிலில் ஏழாவது வெள்ளி

"ஏட்டி கிருஷ்ணமணி, பைய வா. செருப்புச் சத்தம் அவளுக்குக் கேட்டுரப்பிடாது."

"எனக்கு மூச்சு முட்டுது அக்கா. உங்களுக்க கால்..."

"எனக்க கால் கெடக்கட்டு. நீ ஏறு."

மலைக்குகைக் கோயிலுக்கு இருநூற்றுச் சொச்சம் படி. பகவதியம்மாள் இரண்டிரண்டாகத் தாண்டினாள். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணமணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். முன்னால், வளைவுக்கு வளைவு, மருமகள் அஞ்சலியின் மஞ்சள் துப்பட்டா தெரிந்து மறைந்தது.

பகவதியம்மாளுடையது அய்யாவழிக் குடும்பம்தான். ஆனாலும் பெரிய காரியம் என்றால் ஊரில் எல்லாருமே மெழுகுவர்த்தியோடு இந்தக் கிறிஸ்தவக் கோயிலுக்கு ஏறுவது உண்டு. ஆறு வெள்ளி வாய் திறக்காமல் வேண்டிக்கொள்ள வேண்டும். ஏழாவது வெள்ளி விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தால், ஜெபம் நடத்தும் உபதேசியார் உரக்க வாசிப்பார். பலித்தவர்கள் வந்து மணி அடிப்பார்கள். அஞ்சலிக்கு இன்று ஏழாவது வெள்ளி. காலையில் காப்பி குடிக்கிற சாக்கில் வந்து இந்தத் தகவலைப் போட்டுவிட்டுப் போனவளே கிருஷ்ணமணிதான்.

"எனக்க மவனைக் கூட்டிக்கிட்டு நாகர்கோவில்ல தனிவீடு போவணும்னு கேப்பா. வேற என்ன?" பகவதியம்மாள் மூச்சு வாங்காமல் பொருமினாள்.

"இருக்கும் அக்கா. நேத்தே அவ முகத்துல ஒரு தெளிச்சம் இருந்துது."

குகைக்குள் குளிர், வௌவால் வாடை. பாறையில் செதுக்கிய சிலுவைக்கு என்ன வயது என்றால், உபதேசியார் ராஜையன் கேட்கிற ஆளைப் பொறுத்து நூறு இருநூறு கூட்டிச் சொல்வார். அஞ்சலி காகிதத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடினார். சட்டைப் பையில் இல்லை. பைபிளுக்குள்ளும் இல்லை.

கிருஷ்ணமணியோடு பாறை மறைவில் நின்ற பகவதியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. ஒரே பாய்ச்சல்.

"ஏட்டி, எனக்க மவனைப் பிரிக்கவா ஏழு வெள்ளி மலை ஏறின?"

அஞ்சலி மாமியாரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். காலைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

கண்ணாடி அகப்பட்டது. உபதேசியார் உரக்க வாசித்தார்: "முட்டுவலியில மூணு வருஷமா கட்டிலே கதியாக் கெடந்து, ஒரு டம்ளர் தண்ணி எடுக்கக்கூட எழும்ப முடியாத எனக்க மாமி பகவதியம்மாள், பழையபடி நடமாடணும்."

அஞ்சலி போய் மணிக்கயிற்றை இழுத்தாள். மணி அடித்துக்கொண்டே கிருஷ்ணமணியைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.