கடைசிவரை எழாத கூட்டம்

திருப்பத்தூரில் கிடார் வாசித்தபோது பாதிக் கூட்டம் நடுவிலேயே எழுந்துபோனதை ஜெயசீலனால் மறக்க முடியவில்லை. ஜவ்வாது மலைப் பள்ளிக்கூடத்தில் ஒருவராவது கடைசிவரை உட்காருவாரா என்று பயந்துகொண்டேதான் தொடங்கினான். பாட்டு இல்லை, பக்கவாத்தியம் இல்லை, வெறும் கிடார். ஒன்றரை மணி நேரம் வாசித்து முடித்தபோது, அறுபது பேரும் கைதட்டக்கூட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கண் கலங்க எழுந்து கும்பிட்டான்.

முன்வரிசையிலிருந்து மங்கம்மாள் பதறி ஓடிவந்தாள்.

"இன்னா தம்பி, அதுக்குள்ள எழுந்துட்டீங்க? இன்னொண்ணு வாசிங்க."

"அவ்ளோ பிடிச்சிருக்காம்மா?"

"அதெல்லாம் எனக்கின்னா தெரியும்? கொஞ்சம் சத்தமா வாசிங்க."

"மெதுவா வாசிச்சாத்தாம்மா இதுக்கு அழகு."

"அழகு கெடக்கட்டும்." அவள் குரலைத் தாழ்த்தி, நாற்காலியில் சாய்ந்திருந்த ஒருவரைக் காட்டினாள். "ரேசன் கடைக்காரரு. நீங்க ஆரம்பிச்சதும் தூங்கிட்டாரு. கடைச் சாவி அவர் இடுப்புல. நாங்க எழுப்பினா கோச்சிக்கினு சக்கரை இல்லன்னுடுவாரு. நீங்க எழுப்பினா கச்சேரின்னு நெனச்சுப்பாரு."

ஜெயசீலன் உட்கார்ந்து ஆறு தந்திகளையும் ஓங்கி அடித்தான். கடைக்காரர் திடுக்கிட்டு எழுந்து, பலமாகக் கைதட்டிவிட்டு வெளியே நடந்தார்.

கூட்டம் மொத்தமும் அவர் பின்னாலேயே போய்விட்டது.