மீசைக்காரரின் பயம்

பல் ஆஸ்பத்திரியில் குழந்தை அழுதால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு அழுதது குழந்தை இல்லை.

ஆறடி உயரம். வாசலை அடைக்கிற உடம்பு. முறுக்கிவிட்ட மீசை. அந்த ஆள்தான் நாற்காலியில் சுருண்டுகொண்டு, "ஐயோ, என்னால முடியாது, என்னை விட்டுடுங்க" என்று நர்ஸிடம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏற்கெனவே அவள் பாடு பெரும் பாடு. ஏழு வயசுத் தங்கை, வீட்டில் வைத்த பெயர் குண்டூசி, பெஞ்சின் காலை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். முதல் தடவை வந்தபோது டாக்டரம்மாவின் விரலைக் கடித்தாள். இரண்டாம் தடவை லிஃப்ட் வரைக்கும் ஓடினாள். இது மூன்றாவது.

டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். "இது பால் பல் இல்லம்மா, விழுந்து முளைக்க. ஆறு வயசுல வந்த கடவாய்ப் பல். ஆயுசுக்கும் இதுதான். இன்னைக்குச் சொத்தையை எடுத்து அடைச்சிடலாம். இன்னும் தள்ளிப்போட்டா பிடுங்கறதைத் தவிர வேற வழியில்ல."

அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "நான் பார்த்துக்கறேன் போ" என்று அக்காதான் வீராப்பாகக் கூட்டி வந்திருந்தாள். கெஞ்சியாயிற்று. மிரட்டியாயிற்று. குண்டூசி அசையவில்லை. இதில் இந்த ஆள் வேறு.

"ஏம்மா, ஊசி பெருசா இருக்குமா?" என்றார் மீசைக்காரர், தெருவுக்கே கேட்கிற குரலில்.

"சார், கொஞ்சம் வாயை மூடறீங்களா?" அக்கா வெடித்தாள். "ஒரு சின்னப் பிள்ளையை உள்ள கூட்டிட்டுப் போக இங்க தலைகீழா நின்னுட்டிருக்கேன். நீங்க பயத்தைக் கிளப்பிவிட்டா அவ எப்படி வருவா? இவ்வளவு பெரிய ஆளு, வெக்கமா இல்ல?"

"உடம்பு பெருசுன்னா பயமும் பெருசாத்தாம்மா இருக்கும்."

காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். குண்டூசி மட்டும் சிரிக்கவில்லை. பெஞ்சின் காலிலிருந்து ஒரு கையை எடுத்தாள்.

"மாமா, உங்களுக்கு எத்தனை வயசு?"

"அறுபத்தொண்ணு. உனக்கு?"

"ஏழு."

"ஏழா! அப்ப உனக்குத் தைரியம் வந்திருக்கும். எனக்கு இன்னும் வந்து சேரல."

குண்டூசி இன்னொரு கையையும் எடுத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"உள்ள ஒண்ணும் ஆகாது மாமா. நாற்காலி தானா மேல போகும். லைட்டு போடுவாங்க. ஒரு குட்டிக் குழாய் எச்சிலை சர்ர்ருனு இழுக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் தெரியாது. நான் ஓடிட்டேன்."

"பார்த்தியா! நீயே ஓடிட்ட, நான் எம்மாத்திரம்? நான் கிளம்பறேன் தாயி." எழுந்தே விட்டார்.

"உக்காருங்க மாமா!"

அம்மா போடுகிற அதே அதட்டல். ஆறடி ஆள் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நான் முதல்ல ஏறறேன். நீங்க வந்து பாருங்க. நான் அழலைன்னா நீங்களும் அழக்கூடாது. சரியா?"

"சரி" என்றார், சின்னக் குரலில்.

குண்டூசி அவர் சுண்டுவிரலைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். அக்கா வாயைப் பிளந்தபடி பின்னால் போனாள்.

ஊசி இறங்கியபோது குண்டூசியின் இரண்டு கால்களும் விறைத்தன. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டி மீசைக்காரரைப் பார்த்தாள். அவர் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, விரல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குண்டூசி திறந்த வாயோடு, 'ஒண்ணுமில்லை' என்று அவருக்குக் கையை ஆட்டினாள்.

மெஷின் கிர்ரென்றது. குழாய் சர்ரென்றது. அரை மணி நேரத்தில் பல்லை அடைத்து முடித்துவிட்டார் டாக்டரம்மா. "அவ்வளவுதான், இறங்குடா கண்ணு."

குண்டூசி மரத்துப்போன கன்னத்தைத் தடவிக்கொண்டே குதித்து இறங்கினாள். "மாமா, இப்ப நீங்க."

"அது வந்து... அடுத்த வாரம்..."

"மாமா!"

"சின்னப் பிள்ளைகிட்ட சொல்லிட்டு நழுவாதீங்க சார்" என்றாள் அக்கா. தங்கைக்கு வேலை முடிந்துவிட்டதில் அவளுக்கு வாய் இன்னும் நீண்டிருந்தது. "ஏழு வயசுக்கு இருக்கற தைரியத்துல கால்வாசியாவது காட்டுங்க."

மீசைக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏறிப் படுத்தார்.

"அழக்கூடாது, ஞாபகம் இருக்கட்டும்" என்று விரலை ஆட்டிவிட்டு, குண்டூசி நர்ஸோடு புது பிரஷ் வாங்கிக்கொள்ள வெளியே ஓடினாள்.

அக்கா போகவில்லை. அந்த ஆள் கத்துவதைக் காதாரக் கேட்டுவிட்டுத்தான் போவது என்று கதவோரம் நின்றாள்.

டாக்டரம்மா கையுறையை மாற்றிக்கொண்டு வந்தார். "சொல்லுங்க, எங்க உறுத்துது?"

மீசைக்காரர் தலையைத் தூக்கி, குழந்தை போய்விட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு வாயில் கையை விட்டு, மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டையும் மொத்தமாகக் கழற்றி டாக்டரம்மா கையில் வைத்தார்.