தனி ஆவர்த்தனம்

அந்த அமெரிக்க ஹார்டு ராக் குழுவில் வெர்னனின் டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் மற்ற நால்வரும் மேடைக்குப் பின்னால் போய்விடுவது வழக்கம். இளமையில் பீர் குடிக்கப் போனார்கள். நடுவயதில், ஒருவர்மேல் ஒருவர் போட்டிருந்த வழக்குகளுக்காகத் தத்தம் வக்கீல்களோடு போனில் கத்தப் போனார்கள். எழுபதைத் தாண்டிய பிறகு தூங்கப் போகிறார்கள். அவர்கள் திரும்பும்வரை வெர்னன் அடித்தாக வேண்டும். அன்று அரை மணி நேரமாகியும் ஒருவரையும் காணோம். மேனேஜர் லொரேன் நால்வரையும் உலுக்கினாள், முகத்தில் தண்ணீர் தெளித்தாள், பிறகு மேடைக்கு ஓடிவந்து வெர்னன் காதில் கத்தினாள். "எழுந்திருக்கவே மாட்டேங்கறாங்க!" "இந்தச் சத்தத்துல எப்படித்தான் தூங்கறானுங்களோ!" என்ற வெர்னன், கை ஓய்ந்து குச்சிகளைக் கீழே போட்டார். சத்தம் நின்றதுதான் தாமதம், நால்வரும் அலறியடித்து எழுந்து ஓடிவந்தார்கள். "என்னடா ஆச்சு?" என்றார் பாடகர். டிரம்மின்மேல் தலை சாய்த்திருந்த வெர்னனின் குறட்டை மைக்கில் ஏறி அரங்கமே அதிர்ந்தது. கூட்டம் அதற்கும் கைதட்டித் தாளம் போட்டது. பாடகர் கூட்டத்தைப் பார்த்து, தம் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, உதட்டின்மேல் விரலை வைத்தார்.