மார்த்தா ஆன்ட்டி பூக்கடை

"நாளைக்கு ஈஸ்டர். பூ எங்கேம்மா?"

ஃபோனில் ஒரு பெரியவர் கத்தினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களிடம் ஏது பூ?

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், வேன் நைஸில், டயர் கடை மாடியில் ஒரே ஒரு அறை. கம்ப்யூட்டரில் அம்மணப் படம் பார்க்கிறவர்களிடம் கிரெடிட் கார்டில் காசு வசூலிப்பதுதான் எங்கள் பிழைப்பு. அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். தொழில் புதுசு, கூட்டமோ கூட்டம்.

பில்லில் உள்ளதை உள்ளபடி போட்டால் எந்த வீட்டிலாவது நிம்மதி இருக்குமா? அதனால் என் முதலாளி லோனி, தன் மாமியார் பேரில் 'மார்த்தா ஆன்ட்டி பூக்கடை' என்று போட்டுவிட்டான். அந்தம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் கொன்றே போடுவாள்.

ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, "நீங்க யாருங்க?" என்றேன்.

"ஓக்லஹோமால இருந்து ஹாஸ்கெல். சபைப் பொருளாளர். நீதான் மார்த்தாவா?"

"ஆ... ஆமாங்க."

"ரெண்டு வருஷமா சனிக்கிழமை காலைல பீடத்துல உங்க வெள்ளை லில்லி இருக்கும். இன்னிக்கு வெறும் ஜாடிதான் இருக்கு! பில்லு மட்டும் மாசாமாசம் எங்க போதகர் வச்சிருக்கிற சபைக் கார்டுல டாண்ணு வருது!"

லோனி வாயில் இருந்த டோனட்டை முழுங்க மறந்தான்.

"சாயங்காலம் கமிட்டி கூடுதும்மா. இந்த பில்லு என்னன்னு ஏற்கெனவே சில பேர் முணுமுணுக்கறாங்க. பூ வரலைன்னா போதகருக்கு வேலை போயிடும். தங்கமான மனுஷன்! இந்த இன்டர்நெட் அசிங்கத்தைப் பத்தி அவர் பிரசங்கம் பண்ணினா சபையே அழும். அவர் சம்சாரம் ஆஸ்பத்திரில கிடக்கறாங்க. அதான் நானே கூப்பிடறேன்."

"வண்டி ரிப்பேருங்க. வந்துடும்" என்று வாயில் வந்ததை உளறிவிட்டு வைத்தேன்.

லோனி மெதுவாகத் திரும்பி கர்டிஸைப் பார்த்தான். கர்டிஸ் அவனுடைய தொழில் கூட்டாளி. காசு தராமல் இழுத்தடிக்கிறவன் விரலை உடைப்பதுதான் அவன் வேலை.

"டேய் கர்டிஸ், எனக்குத் தெரியாம நிஜமாவே பூக்கடை நடத்துறியா? என் பேர்ல கறுப்பை வெள்ளையாக்குறியா?"

"நானா? போலீஸ்ல நீதான்டா போட்டுக் கொடுத்திருக்கே! பொருளாளராம், லில்லியாம்... இது ஏதோ சங்கேதம்." கர்டிஸ் இடுப்பில் இருந்த துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தான். "சொல்லு. லில்லின்னா யாரு?"

"எனக்கு எப்படிடா தெரியும்!"

"இல்லாத கடையில இருந்து ரெண்டு வருஷமா பூ போகுதுன்னா என்னடா அர்த்தம்? எனக்குத் தலை சுத்துது. யாரையாவது சுடலாம்னா யாரைச் சுடறதுன்னும் தெரியலை!"

மறுபடி ஃபோன். நானே பயந்துகொண்டுதான் ஸ்பீக்கரில் எடுத்தேன்.

முதலில் ஒரு தும்மல். அப்புறம் ஒரு பெண் குரல், மூச்சு வாங்கிக்கொண்டே. "மார்த்தா ஆன்ட்டி பூக்கடைங்களா? ஒரு உதவி. உங்க கடைப் பேரை மாத்த முடியுமா?"

"என்னது?"

"மெழுகுவர்த்திக் கடைன்னு வைங்களேன். புண்ணியமாப் போகும்."

"ஏம்மா, பூ பிடிக்காதா?"

"பிடிக்கும். ஒத்துக்காது. பக்கத்துல போனாலே மூச்சு அடைச்சுக்கும்." இன்னொரு தும்மல். "கைக்குட்டையால மூக்கைக் கட்டிக்கிட்டு, வாராவாரம் விடியறதுக்கு முன்னாடி நான்தான் வாங்கிட்டுப் போய் வெக்கறேன். இந்த வாரம் முடியாமப் போச்சு. ஆஸ்பத்திரில இருந்துதான் பேசறேன். ஹாஸ்கெல்னு ஒருத்தர் கூப்பிட்டா, வண்டி ரிப்பேர்னு சொல்லிடுங்க."

"அதைத்தான் சொன்னேன்" என்றேன். "நீங்க போதகரோட சம்சாரமா?"

"ஆமா. வெர்னா."

"உங்களுக்கு... நாங்க என்ன கடைன்னு தெரியுமா?"

"நல்லாவே தெரியும். அவர் கம்ப்யூட்டரை அணைக்க மறந்துட்டுத் தூங்கின அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் எதுக்கும்மா அந்த ஆளுக்காக இவ்வளவு பாடு?"

"அவருக்காகன்னு யார் சொன்னா? இருக்கிற வீடு சபையோட வீடு. அவருக்கு வேலை போனா நான் எங்கே போவேன்? அவரை நான் உடம்பு தேறினதும் கவனிச்சுக்கறேன்."

வைத்துவிட்டாள். கர்டிஸ் துப்பாக்கியை எடுத்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டான். அப்புறம் அந்த ஊர்ப் பூக்கடைக்கு ஃபோன் போடச் சொன்னான்.

"மத்தியானத்துக்குள்ள சபைக்கு லில்லி போகணும். போகலைன்னா நானே நேர்ல வருவேன்" என்று தன் தொழில் குரலில் சொன்னான். அப்படியே கார்டு நம்பரையும் கொடுத்தான். அவனுடைய சொந்தக் கார்டு! பீடத்தில் கால் வைக்க இடமில்லாமல் பூ குவிந்துவிட்டதாம். ஹாஸ்கெலே கூப்பிட்டுச் சொன்னார்.

லோனிக்கும் மனசு கேட்கவில்லை. வங்கியோடு மல்லுக்கட்டி, அடுத்த பில்லில் 'மார்த்தா ஆன்ட்டி மெழுகுவர்த்திக் கடை' என்று மாற்றிவிட்டான். வெர்னா இனி நிம்மதியாக மூச்சு விடட்டும் என்று எனக்கும் சந்தோஷம்.

பில் போய்ச் சேர்ந்த நாளில் இருந்து ஃபோன் ஓயவே இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர். எல்லாம் பெண் குரல். எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஏம்மா திடீர்னு பேரை மாத்தினீங்க? நான் இத்தனை நாளா பூ வாங்கி வெச்சு சமாளிச்சுட்டேன். இப்போ மெழுகுவர்த்திக்கு எங்கே போவேன்?"