ஒரு நாளைக்கு லிப்ட் பயம்

தங்கபுஷ்பத்துக்கு ஐம்பதாவது மாடியில் இன்டர்வியூ. லிப்ட் என்றாலே அவளுக்குப் பயம்; எத்தனை மாடியானாலும் படிதான். அந்தப் பயத்தை, பயங்களை ஆள் மாற்றிக் கொடுக்கும் தெருமுனைக் கடையில் ஒரு நாளைக்குத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான் புருஷன் சுடலைமணி.

"இதெல்லாம் ஒரு பயமா புள்ள?" என்று கேலி வேறு.

வேலை கிடைத்த சந்தோஷத்தில் அவள் ஷார்ஜா வீட்டுக்குத் திரும்பிப் பழக்கத்தில் படியேறியபோது, ஐந்தாவது மாடிப் படியில் அவன் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தான். வீடு பதினாலாவது மாடி.

"லிப்டு கதவு தொறந்ததும் உசுரே போயிருச்சு. பன்னெண்டு வருஷமா காய்கறிப் பையோட இப்படித்தான் ஏறுனியா?"

"நீங்கதான் லிப்டுல முன்னாடி போயி டீ போட்டுக் குடிச்சிருவீகளே."

அவள் விறுவிறுவென்று லிப்டில் ஏறி மேலே போய்விட்டாள்.

சற்று நேரத்தில் படியில் செருப்புச் சத்தம். இரண்டு தம்ளர் டீயோடு இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடிங்க. இன்னும் ஒம்பது மாடி ஏறணும் நாம."