கப்பலுக்குப் போன குரல்

லேப்டாப்பிலிருந்து வந்த பெண் குரலைக் கேட்டதும் சாம்பசிவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"சாப்பிட்டியளா?... மறுபடியும் மீன் குழம்பா?... எனக்கா? தூக்கமே வரல்ல. உங்க நீலச் சட்டையப் போட்டுக்கிட்டுதான் படுக்கேன்... சிரிக்காதீங்கோ!"

எதிரே இருந்த கப்பல் கம்பெனிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கம்பெனி மேனேஜர் திரவியம் சிரிப்பை அடக்கியபடி லிபியைக் காட்டி, "இது இந்தக் குட்டியோட சப்தம் அல்லே?" என்றார்.

லேப்டாப்பை இயக்கிக்கொண்டிருந்த லிபி, சாம்பசிவனின் ஆபீஸ் பெண், நிமிரவில்லை. அவள் புருஷன் ஆன்சனுக்கு அந்தக் கம்பெனிக் கப்பலில்தான் வேலை.

கம்பெனிகளின் இன்டர்நெட்டில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது சாம்பசிவனின் தொழில். கிழக்கேகோட்டையில் சின்ன ஆபீஸ். கம்பெனி கேட்டுக்கொண்டபடி லிபி மொட்டைமாடியில் டிஷ் வைத்து, கப்பல்களுக்கு சாட்டிலைட் வழியாகப் போவதையெல்லாம் பிடித்துப் பார்த்தாள். அதில் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னால், இதையா போடுவாள்?

சாம்பசிவன் சமாளித்துக்கொண்டு பேசினார்.

"சாட்டிலைட் உங்க கப்பலை மட்டும் பார்த்து அனுப்பாது சார். கரையிலிருந்து பேசறதை ஊருக்கெல்லாம் சேர்த்துக் கொட்டும். பூட்டுப் போட்டு அனுப்பினா மத்தவனுக்கு அது வெறும் இரைச்சல். நீங்க பூட்டாம அனுப்பறீங்க. டிஷ் வெச்சிருக்கிற எவனும் கேக்கலாம்."

"ஆகாசத்துல போறதை எவன் ஒட்டுக்கேப்பான்?" என்று காலையில் கேலி செய்த திரவியத்தின் முகம் மாறியது.

"நான் கேப்டன்கிட்ட பேசறதும் கேக்குமா?"

"கேக்கும்."

"வீட்டுலேர்ந்து பெண்டாட்டி பிள்ளைங்க பேசறது?"

"இப்பக் கேட்டீங்களே சார்."

திரவியம், "அடுத்த கப்பல் கிளம்பறதுக்குள்ள பூட்டுப் போட ஏற்பாடு பண்ணுங்க," என்றார்.

வெளியே வந்ததும் சாம்பசிவன் பொரிந்தார்.

"மானம் போச்சே லிபி! போடறதுக்கு முன்னாடி யாரு பேச்சுன்னு பார்க்க வேண்டாமா?"

"பார்த்துதான் போட்டேன் சார். பேசும்போதே ஆன்சன்கிட்ட சொல்லிட்டேன், இதை ஆபீஸ்ல போட்டுக் காட்டப்போறேன்னு."

சாம்பசிவன் நின்றுவிட்டார்.

"அப்ப பிடிச்ச மத்த பேச்செல்லாம்?"

"காதுல விழுந்ததுமே அழிச்சிட்டேன். ஒருத்தி ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு புருஷன்கிட்ட அழுதுட்டிருந்தா சார்."

"சரி, சும்மா ஹலோ ஹலோன்னு பேசிக் காட்டியிருக்கலாமே?"

"அது அவங்களுக்கு உறைக்காது சார். வீட்டுப் பேச்சா இருந்தாத்தான் உறைக்கும்," என்றாள் லிபி. "வேற யாரு வீட்டுப் பேச்சை நான் எடுத்துப் போட?"